காலையில் பார்த்துக்கொள்ளலாம்

எங்கள் வீட்டில் ஒரு ஜமீன்தார் இருக்கிறார். ஜமீன்தாரி முறையை ஒழிப்பதற்குச் சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டாகிவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவந்தான். ஆனால் அந்தச் சட்டம் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி இன்னும் உள்ளே வரவில்லை. காலை எட்டு மணிக்கு முன்னால் அவர் கண் விழிப்பதில்லை. விழித்ததும் ஆகாரம். ஆகாரம் ஆனதும் ஜன்னலில் அமர்ந்து தெருவைப் பார்வையிடுவார். போகிறவர், வருகிறவர் எல்லாரும் தம்முடைய குடிகள் என்ற எண்ணம் அந்தப் பார்வையில் இருக்கும். பிறகு உறக்கம். உறக்கம் கலைந்தால் மறுபடியும் ஆகாரம். கிஸ்தி, வரி என்று யாருக்கும் ஒரு தம்பிடி கொடுத்ததில்லை. உடம்பெல்லாம் மஞ்சள் பட்டை. நாலு கால்களிலும் வெள்ளைக் காலுறை. மீசை உண்டு. வாலும் உண்டு.

மூன்று வருஷங்களுக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், வாசல் சாக்கடை ஓரத்தில் ஒரு பிடிப் பஞ்சு மாதிரிக் கிடந்ததை என் பேத்தி பாவாடையில் ஏந்திக்கொண்டு வந்தாள். "இந்த வீட்டில் பூனை கீனை கூடாது" என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். வீட்டுத் தலைவன் கண்டிப்பாகச் சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஒரு வாரத்துக்குள் பூனைக்குத் தனித் தட்டு, தனிப் படுக்கை, மணல் தட்டு எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு மாதத்துக்குள் நான் எழுதுகிற காகிதத்தின்மேல் அது படுத்துக்கொண்டது. அதை எழுப்ப மனமில்லாமல் காகிதத்தின் மிச்ச இடத்தில் சுற்றிச் சுற்றி எழுதவும் நான் பழகிக்கொண்டேன். 'ஜமீன்தார்' என்று பெயர் வைத்ததும் நான்தான்.

இந்த ஜமீன்தாருக்கு வந்த ஆபத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருஷம் ஒரு கல்யாணத்தை முன்னிட்டு எங்கள் வீட்டில் ஒரு வாரம் பந்துக்கள் கூட்டம். கூடத்தில் பாய், மாடிப்படியில் செருப்பு, குழந்தைகளின் கூச்சல். ஜமீன்தார் கட்டிலுக்கு அடியில் குடியேறிவிட்டார். ஆகாரம் என்ற பேருக்கு உலர்ந்த தீனியில் நாலு மணியைக் கொறிப்பார். தண்ணீர்க் கிண்ணம் அடுப்பங்கரை வாசலில் இருந்தது. அந்தக் கூட்டத்தைத் தாண்டி அங்கே போக அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைசி உறவினரும் ரயில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை காலை நான் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தொடர்கதையின் அந்த வாரத்து அத்தியாயம் மறுநாள் காலைக்குள் பத்திரிகைக்குப் போயாக வேண்டும்.

பேத்தி வந்தாள்.

"தாத்தா, ஜமீன்தார் மணல் தட்டிலே போய்ப் போய் உட்காருது. ஆனா ஒண்ணும் வரலை."

"வயிறு சரியாயிருக்காது, கண்ணு. தானே சரியாப் போயிடும்."

"நேத்து ராத்திரியும் அப்படித்தான் பண்ணிச்சு, தாத்தா. அழுகிற மாதிரிக் கத்துது."

"எழுதிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? அப்புறம் பார்க்கலாம்."

அப்போது நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் தெரியுமா? கதாநாயகி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காப்பித் தம்ளரை மேஜைமேல் வைக்கிறாள். அந்தத் தம்ளரின் சத்தத்தைக் கொண்டே அவளுடைய மனவேதனை முழுவதையும் கதாநாயகன் தெரிந்துகொள்கிறான். இப்படிப்பட்ட சூட்சுமங்களை ஐம்பது வருஷமாக எழுதிப் பெயர் வாங்கியிருக்கிறேன். என் காலடியில் ஒரு பிராணி வேதனையில் வாய்விட்டுக் கத்தியது. அது என் காதில் விழவில்லை.

மத்தியானம் அது சாப்பிடவில்லை. சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி எடுத்தது. இரவு ஒன்பது மணிக்குக் குளியலறை மூலையில் ஈரத் தரையில் சுருண்டு படுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த நேரத்தில் வந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வைத்தியத்தில் இறங்கியவர். பூனையின் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"ஜுரம், சார். நெருப்பாய்ச் சுடுகிறது. பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடி செய்து பாலில் கலந்து கொடுங்கள். காலையில் ஓடும்."

அவர் போன பிறகு நான் மாத்திரையை எடுத்துச் சரிபாதியாக உடைத்தேன். அதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்து வந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"மனுஷாளுக்குக் கொடுக்கிறதைப் பூனைக்குக் கொடுக்கலாமா? யாராவது டாக்டரைக் கேளுங்களேன்."

"ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எந்த டாக்டர் இருப்பார்? காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "உங்க அப்பா சொன்ன மாதிரியே சொல்றீங்களே" என்றாள்.

நான் பேனாவை மூடினேன்.

அப்பா சொன்னது என்ன என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பத்து வயது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் லட்சுமி என்று ஒரு பசு இருந்தது. அந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று அதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, நெட்டி மாலை போட்டு, பொங்கலும் பழமுமாக ஊட்டினோம். நான் ஊட்டினேன், அக்கா ஊட்டினாள், அம்மா ஊட்டினாள், பார்க்க வந்தவர்கள் ஊட்டினார்கள். எவ்வளவு என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இருட்டும் நேரத்துக்கு லட்சுமியின் இடதுபக்க வயிறு உப்பத் தொடங்கியது. அசைபோடவில்லை. பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது. மாட்டு டாக்டர் எட்டு மைல் தள்ளி இருந்தார். "இருட்டில் வண்டி கட்டிக்கொண்டு போவானேன்? ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறோம். காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்பா சொன்னார். விடிவதற்கு முன் லட்சுமி இறந்துவிட்டது. காலையில் வந்த டாக்டர் அப்பாவைக் கோபித்துக்கொள்ளவில்லை. "மாவுப் பண்டம் அளவுக்கு மிஞ்சினால் மாட்டின் முதல் வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். காற்றும் சேர்ந்துகொள்ளும். ராத்திரியே சொல்லியனுப்பியிருந்தால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அப்பா அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்த மாட்டுப் பொங்கலுக்கும் மாட்டுக்கு ஒரு பிடிக்குமேல் பொங்கல் கொடுத்தது கிடையாது.

இந்தக் கதையை நான் என் மனைவியிடம் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் கடைசியில், "அப்பா மட்டும் அன்று ராத்திரியே கிளம்பியிருந்தால்..." என்று முடிப்பேன். பிறர் செய்த தாமதத்தைப் பற்றிப் பேச நமக்கு எப்போதுமே நேரம் இருக்கிறது.

மணி பதினொன்று ஆகிவிட்டது. நகரில் இரவெல்லாம் விளக்கெரியும் ஒரு பிராணி மருத்துவமனை இருப்பதாகப் பேத்திதான் தன் அப்பாவின் டெலிபோனில் தேடிக் கண்டுபிடித்தாள். பிரம்புக் கூடையில் பழைய வேஷ்டியை விரித்து ஜமீன்தாரை எடுத்து வைத்தேன். வழக்கமாகக் கூடையைக் கண்டால் நாலு காலையும் பரப்பிச் சண்டை போடுகிறவர், அன்று துணி மாதிரித் துவண்டு உள்ளே போனார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது.

தெருமுனை ஆட்டோக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், மூச்சு ஒரு மாதிரி வாங்குதே! ஏறு, ஏறு" என்று சொல்லிவிட்டு, கூலி பேசாமலே வண்டியைக் கிளப்பினார். நான் இந்த ஊரில் இருக்கும் நாற்பது வருஷத்தில் கூலி பேசாமல் ஆட்டோவில் ஏறியது அன்று ஒரு நாள்தான்.

மருத்துவமனை வாசலில் ஒரு மணி இருந்தது. அழுத்தினேன். உள்ளே ஏற்கெனவே இரண்டு கட்சிகள் காத்திருந்தன. ஒரு கனவானும் அவருடைய பெரிய ஜாதி நாயும். அது காதைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பெஞ்சியில் இளம் தம்பதி; துண்டில் சுற்றிய நாய்க்குட்டி. அதற்கு ரத்தமாக வயிற்றுப்போக்கு. உள்ளே அழைத்துப் போய் ஊசி போட்டு, சலைன் ஏற்ற இடம் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நான் மூன்றாவது ஆள். ஆகவே அதற்கேற்ற பொறுமையோடு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த மறுநிமிஷம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இராது. அவள்தான் அன்றிரவு டாக்டர். கூடைக்குள் கையை விட்டு ஜமீன்தாரின் அடிவயிற்றை மெல்ல அமுக்கினாள். "ஆண் பூனையா? கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. டெலிபோனில் பேத்தியைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை ராத்திரி மணல் ஈரமா இருந்துச்சு, தாத்தா. அப்புறம் இல்லை" என்றாள். ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் மறுவார்த்தை பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். கனவான் எழுந்து நின்றார். "மிஸ், நாங்கள் பத்தரை மணிக்கே வந்துவிட்டோம்."

அவள் திரும்பிப் பார்த்து, "மன்னிக்கணும், சார். இங்கே வந்த வரிசை கிடையாது. போகிற வரிசைதான்" என்றாள்.

இதைவிடச் சுருக்கமாக அவசர சிகிச்சைக்கு இலக்கணம் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நெப்போலியனின் சேனையில் லாரி என்று ஒரு பிரெஞ்சு ரண வைத்தியர் இருந்தார். போர்க்களத்தில் காயம் பட்டவர்களுக்குள் யாருடைய காயம் கொடியதோ அவனுக்கே முதல் சிகிச்சை; அவன் தளபதியா, சிப்பாயா என்று பார்க்கக் கூடாது என்று விதி வைத்தவர் அவர். மனிதர்களுக்கு ஏற்பட்ட அந்த விதி இன்று பூனைக்கும் நாய்க்கும் வந்திருக்கிறது.

உள்ளே என்ன நடந்தது என்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மிச்சத்தை டாக்டர் பிறகு சொன்னாள். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர் வரும் வழி மிகவும் குறுகல். தண்ணீர் குறைவாகக் குடித்து உலர்ந்த தீனியே தின்கிற பூனைக்கு, அதிலும் மனக்கலவரம் ஏற்பட்ட சமயத்தில், மூத்திரப்பை அழற்சி கண்டு, சளியும் பொடிக் கற்களும் சேர்ந்து அந்த வழியை அடைத்துக்கொள்வது உண்டு. அடைத்துக்கொண்டால் பை கல்லாகக் கனக்கும். வெளியே போக வேண்டிய விஷம் ரத்தத்தில் தங்கும். பொட்டாசியம் என்ற உப்பு ஏறும். அது ஏற ஏற இதயம் தளரும். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது தடவைக்குமேல் துடிக்க வேண்டிய ஜமீன்தாரின் இதயம் நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. இப்படி முழுவதும் அடைத்துக்கொண்ட பூனை இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாங்காது.

"ஜுரம் என்று சொன்னார்களே?" என்று கேட்டேன்.

"பூனைக்குச் சாதாரண உடம்புச் சூடே 101, 102 டிகிரி, சார். நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். இதற்கு இப்போது 97 தான் இருக்கிறது. ஜுரமில்லை, குளிர்ந்துகொண்டு வருகிறது. மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா?"

என் சட்டைப் பையிலிருந்து அந்தப் பாதி மாத்திரையை எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். பாரசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லையாம். ரத்தத்தின் சிவப்பணுக்கள் கெட்டு, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடுமாம். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடுமாம். அன்றிரவு எங்கள் வீட்டில் ஜமீன்தாரைக் கொல்ல ஏற்பாடு செய்திருந்த வைத்தியர் அந்த அடைப்பு மட்டும் அல்ல, நானும் ஒருவன்.

முதலில் இதயத்தைக் காப்பாற்றக் கால்சியம் ஊசி. பிறகு சலைன். பிறகு மயக்கம் கொடுத்து, துடைப்பக் குச்சி பருமனில் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்புத் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி அடைப்பைக் கரைத்தார்கள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. டாக்டர் வெளியே வந்து, "வழி திறந்துவிட்டது" என்றாள். என் வாழ்நாளில் எத்தனையோ பாராட்டுரைகளைக் கேட்டிருக்கிறேன். இந்த இரண்டு வார்த்தைகளுக்கு அவை ஈடில்லை.

பெஞ்சியில் உட்கார்ந்து யோசித்தேன். வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் என்பது நம் நாட்டுக்குப் புதிய விஷயம் அல்ல. அசோக சக்கரவர்த்தியின் இரண்டாவது பாறைக் கல்வெட்டில், மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் இருவகை வைத்தியத்துக்கும் ஏற்பாடு செய்ததாக எழுதியிருக்கிறது. தம்முடைய ராஜ்யத்தில் மட்டும் அல்ல. எல்லைக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர் நாடுகளிலுங்கூட என்று அது சொல்கிறது. இரண்டாயிரத்திருநூறு வருஷங்களுக்கு முந்திய சமாசாரம்!

பிற்காலத்தில் இந்த வைத்தியம் பள்ளிக்கூடமாக வளர்ந்தது வேறு காரணத்துக்காக. பிரான்ஸில் லியான் நகரத்தில் 1761-ஆம் ஆண்டு பூர்ழெலா என்பவர் உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் மாடுகள் கொள்ளைநோயில் கூட்டம் கூட்டமாக மடிந்துகொண்டிருந்தன. நம் சென்னையில் வேப்பேரிக் கல்லூரி 1903-ஆம் ஆண்டு டாபின் ஹால் என்ற கட்டிடத்தில் ஆரம்பமாயிற்று. எங்கள் இளம் டாக்டர் படித்தது அங்கேதான். உழவு மாடு, வண்டி மாடு, பட்டாளத்துக் குதிரை என்று மனிதனுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் பிராணிகளுக்காகத்தான் இந்த வைத்தியம் எங்கும் வளர்ந்தது. ஒன்றும் சம்பாதிக்காமல் நம்மோடு கூட இருப்பது ஒன்றையே உத்தியோகமாகக் கொண்ட பிராணிகளின் முறை மெதுவாகத்தான் வந்தது. லண்டனில் ஒயிட்சேப்பல் என்ற ஏழைப் பேட்டையில், 1917-ஆம் ஆண்டு, யுத்தத்தின் நடுவில், மரியா டிக்கின் என்ற அம்மாள் ஒரு நிலவறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியசாலை திறந்தாள். மனிதர்களே மடிந்துகொண்டிருக்கும்போது பூனைக்கு வைத்தியமா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்தப் பேட்டையின் ஜனங்கள் தங்கள் பிராணிகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

மணி மூன்றரை இருக்கும். ரத்தப் பரிசோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் எனக்கு விவரம் சொல்ல வாயெடுத்தாள். அப்போது வாசல் மணி அடித்தது. பால் பாக்கெட் போடும் பையன் ஒருவன், பதினெட்டு வயதிருக்கும். சட்டையெல்லாம் ரத்தம். கையில் ஒரு தெருநாய்.

"லாரி அடிச்சிட்டுப் போயிட்டான், மேடம். தினம் என் சைக்கிள் பின்னாலேயே ஓடியாரும். எவ்வளவு ஆகும், மேடம்? என்கிட்டே இருநூறு ரூபாதான் இருக்கு."

"முதல்லே நாயைக் கொடு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். என் காகிதம் மேஜைமேல் கிடந்தது. என்னையறியாமல் நான் எழுந்து நின்றேன். 'எங்கள் பூனையின் நிலைமையைச் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? நாங்கள் முன்னால்...' என்று தொண்டை வரை வந்துவிட்டது. எதிர்ப் பெஞ்சியில் அந்தக் கனவான், நாயின் காதுக்கு இன்னும் மருந்தில்லாமல், ஐந்து மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்துப் புன்சிரிப்புச் சிரித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அரை மணி கழித்து டாக்டர் வெளியே வந்தாள். நாயின் முதுகெலும்பு முறிந்திருந்தது. மார்புக்குள்ளே ரத்தம் நிறைந்துவிட்டது. பிராணவாயு கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், பயன் இல்லை. மிச்சமிருந்தது வேதனை ஒன்றுதான். அதை நிறுத்துவதற்கு ஒரு ஊசி உண்டு. பையனைக் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். உள்ளே போய் நாயின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். எல்லாம் அமைதியாக முடிந்தது.

இந்த இடத்தில் என் மனக்கணக்கு குழம்பிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையன் ஒரு நிமிஷங்கூடத் தாமதிக்கவில்லை. நாய் அடிபட்ட கால் மணிக்குள் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மாதச் சம்பளத்தில் மிச்சமிருந்த இருநூறு ரூபாயையும் கொண்டுவந்தான். அவன் நாய் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குழந்தை சொன்னதைக் கேட்காமல் பதினாறு மணி நேரம் வீணாக்கிய என் பூனை பிழைத்துவிட்டது. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

பையன் படியில் உட்கார்ந்து, "சீக்கிரம்தான் மேடம் வந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். டாக்டர் அவன் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். அவளுடைய சாப்பாட்டு டப்பா பிரிக்காமல் மேஜையில் இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

"நீ சீக்கிரம் வந்ததாலேதான் தம்பி, அது ரோட்டிலே கிடந்து துடிக்காமல் உன் மடியிலே போச்சு. அதுவும் பெரிய விஷயம்தான்" என்றாள்.

இரவில் விளக்கெரியும் அந்த இடம் எதற்கு என்று அப்போது எனக்கு ஒருவாறு விளங்கியது. எல்லா உயிரையும் அங்கே காப்பாற்றிவிட மாட்டார்கள். ஆனால் வேதனைப்படுகிற ஜீவன் விடியும்வரை தனியாகக் காத்திருக்க வேண்டாம் என்று யாரோ ஒருவர் அங்கே கண் விழித்துக்கொண்டிருக்கிறார். திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்று கதை கேட்டிருக்கிறோம். கன்றை இழந்த பசு தானே வந்து அந்த மணியை அடித்தது. அந்த மருத்துவமனை வாசலிலும் ஒரு மணி இருக்கிறது. ஆனால் எங்கள் ஜமீன்தாரால் அதை எட்டி அடிக்க முடியாது. நாம்தான் அடிக்க வேண்டும். ஆகவே, எப்போது அடிப்பது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நம் கடமை.

விடியற்காலையில் டாக்டரிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாசகர்களில் பிராணி வளர்ப்பவர்கள் இருப்பீர்கள், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆண் பூனை மணலில் முக்கிமுக்கி உட்கார்ந்து ஒன்றும் வராமல் எழுந்தால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். பெரிய ஜாதி நாய்க்கு வயிறு உப்பி, குமட்டிக் குமட்டி ஒன்றும் வெளியே வராவிட்டால், வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு மணிக்கணக்குத்தான் அவகாசம். ஈறு வெளுத்தாலும் நீலம் பாய்ந்தாலும், வலிப்பு நிற்காமல் வந்தாலும், எலி மருந்தைத் தின்றதாகச் சந்தேகம் வந்தாலும், அடிபட்ட பிராணி பார்வைக்கு நன்றாக இருந்தாலுங்கூட, உடனே கிளம்ப வேண்டும். சித்திரை வெயிலில் நாய் இரைத்து விழுந்தால், முதலில் நிழலில் போட்டு, தண்ணீர் விட்டு நனைத்து, விசிற வேண்டும். சூட்டைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மனிதர்களின் மருந்துப் பெட்டியை மட்டும் தொடவே கூடாது. "கிளம்பும்போதே ஒரு போன் செய்துவிட்டால், வந்து சேர்வதற்குள் நாங்கள் தயாராக இருப்போம்" என்றாள்.

"அவசரம் இல்லாததை அவசரம் என்று நினைத்து வந்துவிட்டால்?" என்று கேட்டேன்.

"திட்ட மாட்டோம், சார். சும்மா திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான்."

ஆறு மணிக்குக் கனவானின் நாய்க்குக் காதில் மருந்து போட்டார்கள். போகும்போது அவர் பால்காரப் பையனின் கணக்கைத் தாமே கட்டிவிட்டுப் போனார் என்று சிப்பந்தி சொன்னான். அவரைப் பற்றி இரவு நான் நினைத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஜமீன்தார் குழாயோடு மூன்று நாள் அங்கே தங்கினார். செலவு நான் எதிர்பார்த்ததைவிட அதிகந்தான், மறைக்க வேண்டியதில்லை. தொடர்கதை அத்தியாயம் அந்த வாரம் வரவில்லை. பத்திரிகை ஆசிரியரிடம் காரணத்தைச் சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் வீட்டு நாயைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்.

நாலாம் நாள் கூடையை வீட்டில் இறக்கியதும் பேத்தி ஜமீன்தாரைத் தடவிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்:

"நான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சொன்னேனே, தாத்தா?"

"சொன்னாய், கண்ணு. நான்தான் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்" என்றேன். என் அப்பா லட்சுமி இறந்த அன்று யாரிடமும் சொல்ல முடியாமல் மனத்திலேயே வைத்துக்கொண்ட வார்த்தை இதுவாகத்தான் இருந்திருக்கும். எனக்குச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. அதற்கும் அந்த இளம் டாக்டருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். உலர்ந்த தீனியைக் குறைத்து ஈரமான ஆகாரம். பேத்தி ஒரு நோட்டுப் புஸ்தகம் போட்டு, ஜமீன்தாரின் வரவு செலவை எழுதி வருகிறாள்: எத்தனை கிண்ணம் வரவு, எத்தனை தடவை செலவு என்று. அவள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் அந்தக் கணக்குப்பிள்ளை உத்தியோகம் என்னுடையது.

கட்டுரையை முடிக்க இன்னும் இரண்டு வரி எழுதலாம் என்று இருந்தேன். ஆனால் இதோ, ஜமீன்தார் காகிதத்தைவிட்டு எழுந்து மணல் தட்டுப் பக்கம் போகிறார். கொஞ்சம் இருங்கள், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.